வேர்க்காத வீட்டு மேகம்

கொக்கனேந்தலில் என் பெரியம்மா மகன் பூமிராஜனின் தலைக்கு மேல் ஒரு மேகம் வந்து நின்ற அன்று ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பிளந்தவர் பஸ் கண்டக்டர் ஒருத்தர்தான், அவரும் அதிசயப்பட்டுப் பிளக்கவில்லை, சண்டை போடப் பிளந்தார். பங்குனி மாதம், உச்சிப் பொழுது, ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போக அண்ணன் ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார், சாக்கு காய்ந்து மொறமொறத்துவிட்டது, உடம்பு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, அந்த நேரம் பார்த்துக் கிழக்கே இருந்து ஒரு சின்ன மேகம், கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு, அடி கறுத்து மேல் வெளுத்து, கருவேலங்காட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, வழி தெரியாத விருந்தாளி வீடு வீடாக எட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்து, அண்ணன் தலைக்கு ஒரு முழம் மேலே நின்று, பொசபொசவென்று தூற ஆரம்பித்தது.

"யோவ், மேகத்தை எல்லாம் உள்ள ஏத்த முடியாது. சீட்டு நனையும்" என்றார் கண்டக்டர். "கூரை மேல போட்டுட்டு நீ மட்டும் வா."

"நானா கொண்டு வந்தேன்? அதா வந்துச்சுண்ணே."

"அதா வந்தாலும் உன்கூட வந்தா லக்கேஜ்தான்."

எடை இல்லாத பொருள் லக்கேஜ் ஆகுமா என்று பஸ்ஸுக்குள் ரெண்டு கட்சி பிரிந்து வண்டி நகர விடாமல் பேசி, கடைசியில் அண்ணன் படியில் நின்று வருவது, மேகம் ஜன்னலை ஒட்டி வெளியே வருவது என்று தீர்ப்பாகி, அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் அதுவே சட்டமாகிவிட்டது.

அண்ணனுக்கு வேர்க்காத உடம்பு. பிறந்ததிலிருந்து ஒரு பொட்டு வேர்வை கிடையாது. தலையில் பூனைமயிராகக் கொஞ்சம் முடி, வாயில் கூர்கூராகச் சில பற்கள், மெல்லிசுத் தோல், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வெயில் ஏறினால் உடம்புச் சூடு வெளியேற வழி தெரியாமல் காய்ச்சலாக உட்கார்ந்துகொள்ளும். முப்பது வருஷம் அவர் நிழலுக்கு நிழல் தாவி வாழ்ந்தார். ஈரச் சட்டையோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்று பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டது. பொக்கைப் பயல் என்று தெரு கூப்பிட்டது. ஐஸ் கம்பெனியில் குச்சி ஐஸ் அச்சுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்த மதியங்கள்தான் அவருக்கு சொர்க்கம். மேகம் வந்த பிறகு பாருங்கள், அதே தெரு "பூமிராஜு, நல்லா இருக்கியாப்பு?" என்று வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டது. நான் கேட்கிறேன், முப்பது வருஷம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற மனசு வராத ஊருக்கு, மேகத்தைக் கண்டதும் நாற்காலி எங்கிருந்து வந்தது?

கேட்டால் அண்ணன் சிரிப்பார். "விடும்மா பாண்டி, நாற்காலி நல்ல நாற்காலிதான்" என்பார்.

ஊர் அந்த மேகத்தைப் பழக்கிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அது மிளகாய் ஊர். குண்டு மிளகாய், வானத்தைப் பார்த்து விதைப்பது. டீக்கடையில் அண்ணன் நுழைந்ததும் "பால்ல தண்ணி விழுகுது, வெளிய நில்லுப்பா" என்று கடைக்காரர் கத்த, "இதுக்கு முந்தி விழலையாக்கும்" என்று குடிக்க வந்தவர்கள் சிரிக்க, வாசலில் அவருக்கென்று ஒரு பெஞ்சு வந்தது. புரட்டாசியில் நாற்றங்கால் காய்ந்தபோது பஞ்சாயத்து பிரசிடெண்ட் போஸ் மைக் கட்டி அறிவித்தார், இன்றைக்குக் கீழத்தெரு நாற்றங்கால், நாளைக்கு மேலத்தெரு, பூமிராஜன் பாத்தி வரப்பில் மெதுவாக நடக்க வேண்டும், யாரும் அவரை இழுக்கக் கூடாது என்று. அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போல, பாத்தி பாத்தியாக நடந்தார். பின்னால் பச்சை எழுந்து வந்தது. ஆனால் மாசி பங்குனியில் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்ட பிறகு மட்டும் அவர் களத்துப் பக்கம் தலைவைத்துப் பார்க்கக் கூடாது. பெண்கள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு "வத்தல் நனையும், அங்கிட்டுப் போய்யா" என்று விரட்டுவார்கள், அவர் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார், மேகமும் குனிந்த தலையோடு பின்னாலேயே போகும்.

நான் ஊருக்குள் வந்தது ரத்தம் எடுக்க. மதுரையில் பல்கலைக்கழகத்தில் பரம்பரைத் தோல் நோய்களின் மரபணுக் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சி என்னுடையது. இந்த நோய்களை அபூர்வ நோய் என்பார்கள். அபூர்வம் என்று பெயர் வைத்துவிட்டால் மருந்து தேட வேண்டியதில்லை என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கோபத்தில்தான் நான் இந்தப் படிப்பையே எடுத்தேன். பெரியம்மா பிள்ளைகள் பூமிராஜன் அண்ணனும் முத்துராக்கு அக்காவும் ஊரோடு இருந்தார்கள். என் அம்மா கல்யாணமாகி மதுரைக்குப் போனவள், "அந்த வியாதி அவங்க வீட்டோட, நமக்கு இல்லை" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவள்.

ஊரில் எல்லோரும் என்னை டாக்டரம்மா என்றார்கள். டாக்டர் இல்லை, ஆராய்ச்சி மாணவி என்றேன். சரி டாக்டரம்மா என்றார்கள்.

காரணம் அவர்களிடம் தயாராக இருந்தது. எங்கள் பூட்டன் ஒருவர் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் தராமல் கிணற்றை மூடினாராம், அதனால் வம்சத்தில் தண்ணீர் வற்றிப்போச்சாம். "மூடினது அவரு, வத்துறது இவருக்கா? உங்க சாமிக்கு விலாசம்கூடச் சரியா தெரியாதா?" என்று கேட்டேன். பிறகு நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். குழந்தை வயிற்றில் இருக்கும்போது தோலுக்குள் ஒரு புரதம் மேஸ்திரி மாதிரி நடந்து போய், இந்த இடத்தில் வேர்வைக் குழி தோண்டு, இந்த இடத்தில் பல் நடு, இங்கே மயிர் ஊன்று என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அண்ணன் உடம்பில் அந்த மேஸ்திரியைச் செய்கிற மரபணுவில் ஓர் இடம் பழுது, அதனால் மேஸ்திரி வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அந்த மரபணு பெண்ணுக்கு ரெண்டு, ஆணுக்கு ஒன்று. ஒன்று பழுதானாலும் பெண் மற்றதை வைத்துச் சமாளித்துவிடுவாள், ஆணுக்கு மாற்று கிடையாது. சாபமும் இல்லை, பாவமும் இல்லை.

"அப்ப மேகம்?" என்றார் போஸ்.

மேகத்திலிருந்தும் ஒரு குழாயில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தேன். தண்ணீர் என்று பதில் வந்தது. சொன்னேன்.

"இதைச் சொல்லவா மதுரைவரைக்கும் அனுப்புன?" என்றார் அவர், ஊரே சிரித்தது.

நான் வந்த வருஷ ஐப்பசியில் முத்துராக்கு அக்காவின் வயிறு எல்லோருக்கும் தெரியுமளவு வளர்ந்திருந்தது. அக்காவை உள்ளூரிலேயே தவசி என்கிற டிராக்டர் டிரைவருக்குக் கொடுத்திருந்தார்கள். தவசி மச்சான் ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அவர் பங்கையும் சேர்த்து அவர் அம்மா பஞ்சவர்ணம் பேசிவிடுவார். மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றுப் பிள்ளையின் தாடையில் பல் முளைகள் சரம்போல வரிசையாகத் தெரிய வேண்டும். திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. பிள்ளைக்கும் மாமன் தோல். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அண்ணனை எங்கப்பா ஈரச் சாக்குல சுத்தித் தோள்ல தூக்கிட்டு ஓடுவாரு. நான் பின்னாலயே செம்பு எடுத்துக்கிட்டு ஓடுவேன்" என்றாள்.

நான் சொல்ல நிறைய வைத்திருந்தேன். வராமல் போன மேஸ்திரியை இப்போது ஆய்வுக்கூடத்தில் செய்ய முடிகிறது. ஊசி வழியாகப் பனிக்குடத்துக்குள் விட்டால், பிள்ளை அந்த நீரைக் குடிக்கக் குடிக்க, தோல் குழி தோண்டக் கற்றுக்கொள்கிறது. வெளிநாட்டில் சில குழந்தைகளுக்குக் கொடுத்து அவர்களுக்கு வேர்த்திருக்கிறது. இங்கே மதுரையில் எங்கள் குழு அனுமதி வாங்கிக் காத்திருக்கிறது. ஆனால் ஏழாம் மாதத்தை ஒட்டித்தான் தொடங்க வேண்டும். பிறந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. தோல் வேலையை முடித்து மூட்டை கட்டியிருக்கும். அதனால்தான் அண்ணனுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

விஷயம் ஊருக்குள் போனதும் போஸ் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வருத்தப்பட இல்லை, சந்தோஷப்பட! இன்னொரு வேர்க்காத பிள்ளை என்றால் இன்னொரு மேகம். கீழத்தெருக்காரர்கள் பிள்ளைக்கு இப்போதே நாற்றங்கால் முறை வைத்துவிட்டார்கள். தொட்டிலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் விட்டத்தைத் தூக்க வேண்டும், மேகம் சின்னதாகத்தானே இருக்கும், தவழ ஆரம்பித்ததும் கொத்தமல்லிப் பாத்தியில் விடலாமா என்றெல்லாம் பேச்சு.

"ஊசி கீசின்னு போட்டு வேர்க்க வச்சுட்டியன்னா மேகம் எப்படித்தா வரும்?" என்றார் போஸ், உண்மையான கவலையோடு. "இருக்கிற ஒரு மேகம் ஊருக்குப் பத்தலை. நீ படிச்ச பிள்ளை, ஊர் நன்மையைப் பாரு."

"மேகம் வரும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"மாமனுக்கு வந்துச்சுல்ல."

"மாமனுக்கு முப்பது வயசுல வந்துச்சு. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை எங்க நிக்கும்? உங்க குளிர்சாதனப் பெட்டிக்குள்ளயா? காய்ச்சல்ல வலிப்பு வந்தா உங்க நாற்றங்கால்ல படுக்க வைப்பீங்களா? வேர்க்காத குழந்தைகள்ல எத்தனை பேர் முதல் கோடையையே தாண்டலைன்னு தெரியுமா? மேகத்துக்கு மரபணு கிடையாது பிரசிடெண்டய்யா, அது பரம்பரையா வராது!"

நன்றாகத்தான் பேசினேன். பேசிவிட்டுத் திரும்பினால் அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"நல்லா பேசுற பாண்டி" என்றாள். "ஒண்ணு கேக்கவா? உன் பிள்ளையா இருந்தா வயித்துல அந்த ஊசியை விடுவியா?"

"கண்டிப்பா விடுவேன்" என்றேன், அவள் கேட்டு முடிக்கும் முன்னாலேயே.

"ம்" என்றாள் அக்கா. அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து ஊசிப் பேச்சை எடுத்தாலே அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவாள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்தா, ஊசிக்குப் பயந்தா, என்னை நம்பாமலா, ஒன்றும் பிடிபடவில்லை, நாளோ ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். முற்றத்தில் பந்தல், பந்தலுக்கு வெளியே ஆண்கள், அவர்களைவிட்டுத் தள்ளி தாய்மாமன் முறைக்கு வளையல் கொண்டுவந்த பூமிராஜன் அண்ணன், மேகம் பந்தல் துணியை நனைத்துவிடும் என்று ஓரமாக நிறுத்தப்பட்டு. உள்ளே பெண்கள் மட்டும், ஒரே கசகசப்பு, கரண்ட் இல்லை. அக்காவின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே பஞ்சவர்ணம் சண்டையைத் தொடங்கினார்.

"எங்க வம்சத்துல எல்லாருக்கும் குடம் குடமா வேர்க்கும். இந்தா, இவளுக்கும் வேர்க்குது, சந்தனமே நிக்க மாட்டேங்குது. வேர்க்கிற ஆத்தாளுக்கும் வேர்க்கிற அப்பனுக்கும் வேர்க்காத பிள்ளை எப்படி வரும்? இந்தப் பொண்ணு எதையோ மாத்திப் படிச்சிருக்கு. அதை நம்பி ஊசி போடவா?"

"அக்காவுக்கு முழுசா வேர்க்காது அத்தை" என்றேன். "ரெண்டு மரபணுல ஒரு இடத்துல இது வேலை செய்யும், ஒரு இடத்துல அது வேலை செய்யும். பட்டை பட்டையா வேர்க்கும். முதுகுல அயோடினைத் தடவி மேல சோள மாவைத் தூவினா, வேர்க்கிற இடம் மட்டும் கருநீலமாகும்."

"தடவு. பார்ப்போம்."

"மாசமா இருக்கிறவங்களுக்கு அயோடின் தடவக் கூடாது."

"பாரேன்! கேட்டா தடவக் கூடாதாம்!" என்று அறையே சிரித்தது.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. பையில் மாவும் மருந்தும் இருந்தன. "சரி, என் முதுகுல தடவுறேன். நோய் இல்லாத முதுகு எப்படி இருக்கும்னு முதல்ல பாருங்க, முழுக்கக் கருநீலமாகும், அதை வச்சு அக்கா முதுகு எப்படி இருக்கும்னு விளக்குறேன்" என்றேன். துண்டை முன்னால் கட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பெண்கள் பஞ்சை முக்கி முதுகெல்லாம் தடவினார்கள், மாவைப் புட்டுக்குத் தூவுவதுபோலத் தூவினார்கள். ஆனால் வேர்க்க வேண்டுமே.

"சுக்குக் காப்பி குடு" என்றாள் ஒருத்தி.

"அதெல்லாம் எதுக்கு? கிணத்தை மூடுனது தப்பில்லையான்னு கேளு, தன்னால வேர்த்துரும்" என்றாள் இன்னொருத்தி.

கேட்டார்கள். நான் பேச ஆரம்பித்தேன். எதிரே சுவரில் காலண்டர் மட்டும். அதைப் பார்த்துப் பேசினேன், கிணற்றைப் பற்றிப் பேசினேன், பாவம் எப்போதும் ஆண் செய்ததாகவும் அதைச் சுமப்பது எப்போதும் பெண் வயிறாகவும் இருக்கிற கணக்கு யார் போட்டது என்று பேசினேன், ஒரு பிள்ளை கொதிப்பதைப் பார்த்து நாற்றங்காலுக்கு முறை வைக்கிற ஊரைப் பற்றிப் பேசினேன், கழுத்திலிருந்து வேர்வை வழிவது எனக்கே தெரிந்தது, பின்னால் சிரிப்புச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, சரி என் பேச்சு உறைக்கிறது என்று குரலை இன்னும் உயர்த்தினேன், உயர்த்தி முடித்தபோது அறையில் வளையல் சத்தம்கூட இல்லை.

"பாண்டி" என்றார் பஞ்சவர்ணம், இதுவரை கேட்காத குரலில். "கொஞ்சம் நிறுத்துத்தா. உன் முதுகைப் பாரு."

ரெண்டு கண்ணாடி பிடித்துக் காட்டினார்கள். என் முதுகு முழுக்கக் கருநீலம் இல்லை. நடு முதுகெலும்பிலிருந்து ரெண்டு பக்கமும் வளைந்து வளைந்து இறங்கின கருநீலப் பட்டைகள். நடுவில் வெளுத்த பட்டைகள். மரத்தைச் சுற்றிக்கொண்டு உழுத சால்போல, இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சுழி. எத்தனை படங்களில் பார்த்திருக்கிறேன், எத்தனை பேருக்கு விரல் வைத்து விளக்கியிருக்கிறேன்! "அந்த வியாதி அவங்க வீட்டோட" என்ற அம்மாவின் குரல் காதில் ஒலித்தது. கடைவாய்ப் பக்கம் முளைக்காமலே போன என் பல்லை நாக்கு தானாகப் போய்த் தடவியது. ஊஞ்சலில் இருந்து விழுந்ததால் என்று அம்மா சொல்லியிருந்தாள், ஆராய்ச்சி மாணவியான நான் அதையும் நம்பியிருந்தேன்.

"அம்புட்டு அழகா இருக்குடி" என்றாள் சுக்குக் காப்பிக்காரி. "பட்டுச்சேலைக் கரை மாதிரி."

அக்கா சந்தனக் கையோடு எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வெளுத்த பட்டை மேல் விரலை வைத்து அது போகிற வழியிலேயே கீழே வரை ஓட்டினாள்.

"இப்பச் சொல்லு. உன் பிள்ளைன்னா விடுவியா?"

துண்டை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன். வயிற்றைத் துளைத்துப் போகிற ஊசி, அதனால் நீர் கசியலாம், வலி முன்கூட்டியே வரலாம், மருந்து பலிக்காமல் போகலாம், எல்லாவற்றையும் நானே சதவீதமாகப் படித்து ஒப்பித்திருக்கிறேன். இப்போது அந்தச் சதவீதங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின. ஈரச் சாக்கோடு ஓடுகிற பெரியப்பாவையும், செம்போடு பின்னால் ஓடுகிற சின்னப் பெண்ணையும் நினைத்தேன்.

"விடுவேன்க்கா" என்றேன். "பயந்துக்கிட்டே விடுவேன்."

அக்கா சிரித்தாள். "அன்னைக்குப் பயமே இல்லாமச் சொன்ன. அதான் நம்பலை. சரி, எப்பப் போகணும்?"

பஞ்சவர்ணம் ஒரு நிமிஷம் என் முதுகையும் மருமகள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பந்தலைப் பார்த்துக் கத்தினார்: "ஏப்பா பிரசிடெண்டு! எம் பேரப்பிள்ளைக்கு வேர்க்கத்தான் போகுது. உனக்கு மேகம் வேணும்னா உன் மருமகளைப் பெத்துத் தரச் சொல்லு!"

போஸ் விடவில்லை. தாய்மாமன் இருக்கிறார், முறைக்கு அவரைக் கேட்போம் என்றார். எல்லோரும் பந்தல் ஓரத்தைப் பார்த்தார்கள். அண்ணன் தூறலுக்குள் நின்றபடி யோசித்தார்.

"மேகம் எனக்கு நல்லதுதான் செய்யுது. அதைக் குறை சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நீங்கள்லாம் வேலை செஞ்சு வேர்த்து வந்து மரத்தடியில உக்காருவீங்க. காத்து அடிக்கும். ஆகான்னு கண்ணை மூடுவீங்க. சின்ன வயசுலேருந்து நானும் உங்க பக்கத்துல வந்து உக்காந்து கண்ணை மூடிப் பாத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரிஞ்சதில்லை. அந்த ஆகா எம் மருமகனுக்குத் தெரியட்டும் சார்."

மருமகனா மருமகளா என்று சொல்லக் கூடாது, சட்டம் என்று நான் வாயெடுத்தேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. தவசி மச்சான் அன்றைய ஏழெட்டு வார்த்தையில் மூன்றைச் செலவழித்தார்: "வண்டி நான் எடுக்கிறேன்."

அதற்குள் உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் சட்டை ஊக்கை அவிழ்த்துவிட்டு எனக்கும் தடவு எனக்கும் தடவு என்று வரிசையில் நிற்க, மாவு தீரும்வரை தடவினோம், மாவு தீர்ந்ததும் பஞ்சவர்ணம் வீட்டு இட்லிக்கு வைத்திருந்த அரிசி மாவை எடுத்தோம். வளைகாப்புக்கு வந்தவர்கள் கருநீல முதுகோடு கலவைச் சோறு தின்றார்கள்.

மதுரைக்கு டிராக்டரில் போக முடியாதென்று வேன் பிடித்தோம். வேனுக்கு மேலே மேகம் வந்தது, சிக்னலில் நின்றபோது பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு மேகத்துக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்து நின்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் துடைக்கிற அம்மாதான் அண்ணனைக் கடிந்துகொண்டார், "பார்வையாளர் ஒருத்தர்தான் உள்ள வரலாம், ஒண்ணு நீ இல்லாட்டி அது." அண்ணன் வெளியே தோட்டத்துப் பக்கம் போய் ஜன்னலுக்கு நேரே நின்றார். மருத்துவர்களை அக்கா கேள்வியால் குடைந்தாள். அவள் கேட்ட பிறகுதான் சில கேள்விகளை நானும் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. திரையில் பனிக்குடம் கருப்பாகத் தெரிந்தது. ஊசி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மேகம் தூறுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஊசி வெளியே வந்த பிறகுதான் சொட்டியது. வாரம் விட்டு வாரம் அப்படியே போனோம், வந்தோம். திரையில் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. குடிக்கிறது என்றேன். "குடிக்கட்டும்" என்றாள் அக்கா.

மாசியில் பையன் பிறந்தான். பிறந்த பிள்ளைக்கு வேர்க்குமா வேர்க்காதா என்பது பிறந்ததும் தெரியாது. வெயில் வர வேண்டும். பங்குனி வந்தது. ஒரு நாள் உச்சிப் பொழுது ஊரே களத்து ஓரம் கூடிவிட்டது. களம் முழுக்கச் சிவப்பாக மிளகாய் காய்கிறது, ஓரத்து ஓலைக்கொட்டகையில் அக்கா மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள், கையில் ஈரத்துணி தயாராக இருக்கிறது, என் கையில் வெப்பமானி. அண்ணனை மட்டும் நான் கண்மாய்க்கரைக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளை மேல் ஒரு துளி விழுந்தாலும் அது மேகத்துடையதா அவனுடையதா என்று நாளைக்கு எவனாவது வாதம் பண்ணுவான், அந்த வாய்ப்பை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

காத்திருந்தோம். பிள்ளை முகம் சிவந்தது. உடம்பு சுடுகிறது என்று அக்கா என்னைப் பார்த்தாள். போஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டார். "வேர்த்துருடா ராசா" என்றார் மெதுவாக, தனக்கே தெரியாமல். அக்கா ஈரத்துணியை எடுக்கக் கையை நீட்டினாள், நானும் சரி என்று தலையசைக்கப் போனேன், அப்போதுதான் மேலுதட்டில், மூக்குக்குக் கீழே, ஊசிமுனை அளவுக்கு ஏதோ மினுங்கியது. பக்கத்தில் இன்னொன்று. நெற்றியில் ஒன்று. அக்கா குனிந்து நாக்கு நுனியால் அதைத் தொட்டாள்.

"உப்பு" என்றாள்.

ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று நானும் நெற்றியில் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பஞ்சவர்ணம் கழுத்து மடிப்பில் முத்தம் வைத்து நிமிர்ந்தார். "நல்லாக் கரிக்குது!" என்று அவர் போட்ட சத்தத்தில் கருவேலங்காட்டுக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. மேகத்தின் தண்ணீர் ஒருநாளும் கரித்ததில்லை, அது ஊருக்கே தெரியும். தவசி மச்சான் பனையோலை விசிறியை எடுத்து மகனுக்கு வீசினார். வேர்வையில் காற்றுப் பட்டதும் பிள்ளை ஒருதரம் சிலிர்த்து, அழுகையை நிறுத்தி, சுகமாகக் கண்ணைச் செருகினான்.

"எப்படி இருக்கான்?" கரையிலிருந்து அண்ணன் கத்தினார். "காத்து பட்டா மூஞ்சி எப்படிப் போகுது? யாராவது பாத்துச் சொல்லுங்க!"

சொல்லும்வரை அவரால் நிற்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி நேராக ஓடிவந்தார், சுற்றுவழியில் இல்லை, களத்துக் குறுக்கே, சிவப்பு நடுவே. அவர் ஓடின வேகத்தில் மேகத்தால் கூட வர முடியவில்லை. அவர் முன்னால் வெறும் வெயிலில் ஓட, அது பின்னால் தத்தித் தத்தி, களம் முழுக்கத் தூறிக்கொண்டே வந்தது. நனைந்த மிளகாயிலிருந்து காரம் குப்பென்று எழுந்தது. ஊரே தும்மியது, இருமியது, எல்லோர் கண்ணிலும் தண்ணீர். விளக்குமாறு பக்கத்திலேயே கிடந்தது, ஒருத்தியும் எடுக்கவில்லை.

அண்ணன் மூச்சு வாங்கக் குனிந்து மருமகன் முகத்தைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் அவன் மேலுதட்டு ஈரத்தை ஒற்றியெடுத்து, அதைத் தன் நெற்றியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பூசிக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"மச்சான், விசிறியைக் கொஞ்சம் இங்கிட்டு வீசுங்க" என்றார்.

தவசி மச்சான் வீசினார். மேகம் வந்து சேர்ந்து, கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தூறலை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே நின்றது.